தாய்மாமனுக்கு ஒரு வசனம்

தி. நகர்,
11.3.2024

சுடலைமாடன் துணை.

அன்புத் தம்பி முருகனுக்கு அக்கா இசக்கியம்மாள் எழுதுவது. இங்கே உன் அத்தான், சாருலதா, நான் எல்லாரும் சுகம். என் முட்டி மட்டும் சுகமில்லை. நீயும் பியூலாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்?

தி. நகரிலிருந்து பெசன்ட் நகருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும், இதற்கு ஒரு தபாலா என்று சிரிப்பாய். சிரி. போன தடவை போனில் நீ வேத வசனம் சொல்ல, நான் கத்த, நம் பாத்திரக் கடைக்கு வந்த அம்மாள் கையில் எடுத்த இட்லிப் பானையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். "ஏளா, இனி அவன்ட்ட பேசணும்னா எழுதிப் போடு. எழுத்துல கத்த முடியாதுல்லா" என்று அத்தான் சொல்லிவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து உன்னை நீக்கியதும் அவர்தான், நானில்லை. விடிவதற்குள் தினம் ஒரு வசனம் வந்து விழுந்தால் அவரும்தான் என்ன செய்வார்?

சங்கதிக்கு வருகிறேன். சாருவுக்கு இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு கே.கே. நகர், நம் ஆட்கள்தான், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்கள். ஆவணியில் முகூர்த்தம். தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வந்துதான் பெண் மணவறை ஏற வேண்டும், உனக்குத் தெரியாததில்லை. எனக்கு இருப்பது ஒரே தம்பி. நீ வர வேண்டும், முன்னால் நிற்க வேண்டும். வருகிறேன் என்று ஒரு வரி போடு. வசனம் வேண்டாம்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா


பெசன்ட் நகர்,
20.3.2024

கர்த்தருடைய கிருபை உங்கள் வீட்டோடு இருப்பதாக.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி முருகன். இங்கே நால்வரும் நலம். ஜெராக்ஸ் கடை பரீட்சைக் காலத்தால் நன்றாக ஓடுகிறது. உங்கள் முட்டிக்காக ஜெபிக்கிறோம்.

கடிதத்தைப் படித்ததும் பியூலாவும் நானும் முழங்காலில் நின்று நன்றி சொன்னோம். சாரு என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை. எனக்கு இல்லாத சந்தோஷமா?

ஆனால் நீங்கள் கேட்டதற்கு என் வாயால் சொல்வதைவிட வேதத்தின் வாயால் சொல்வதுதான் சரி. பத்தாம் அதிகாரம் இருபத்தோராம் வசனத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், எந்தப் புத்தகம் என்றும் குறித்திருக்கிறேன். கர்த்தருடைய பந்தியிலும் மற்றதின் பந்தியிலும் ஒரே ஆள் உட்கார முடியாது என்பது அதன் சாரம். ஹோமத்தின் முன்னால் நிற்பதும் அப்படித்தான். இன்னும் மூன்று வசனங்கள் அதன் கீழே இருக்கின்றன. பொறுமையாகப் படியுங்கள்.

ஆகவே நான் மணவறைக்கு வருவதற்கில்லை. மண்டபத்துக்கும் வருவதாக இல்லை. மறுநாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இங்கே அனுப்புங்கள், பியூலா விருந்து வைப்பாள். அத்தானுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி,
முருகன்


தி. நகர்,
27.3.2024

சுடலைமாடன் துணை. இந்தத் தடவை அழுத்தி எழுதியிருக்கிறேன்.

முருகா, சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் சுகமா?

நீ அனுப்பிய தாளைப் படித்தேன். மற்றதின் பந்தி என்று நீ நாசூக்காக எழுதியிருக்கிறாய். தாளில் அது பேயின் பந்தி என்று இருக்கிறது. யாரைச் சொல்லுகிறாய்? நம் குலசாமியையா? உனக்கு டைபாய்டு வந்தபோது அம்மா யாரிடம் போய் விழுந்தாள்? நீ நம்பாமல் இரு. அது உன் பாடு. ஆனால் நான் கும்பிடுகிறதைப் பேய் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, ஸ்டாம்ப் ஒட்டி எனக்கே அனுப்புகிறாயே, கை கூசவில்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். உன் புத்தகத்தில் இருக்கிறது என்பது உனக்குப் பதில். எனக்கு அது எப்படிப் பதிலாகும்? நம் கடையில் கொடுத்த தள்ளுபடிச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் எதிர்க்கடையில் நீட்டினால் அவன் குறைப்பானா? நீ பத்து வருடமாக அந்தச் சீட்டைத்தான் என்னிடம் நீட்டுகிறாய். நான் கேட்டது வேதம் என்ன சொல்கிறது என்றல்ல. முருகன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

அத்தான் "விடு ளா, வருவான்" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

அக்கா


பெசன்ட் நகர்,
2.5.2024

கர்த்தருடைய சமாதானம் உண்டாவதாக.

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். வெயில் கடுமை. பியூலாவுக்கு அம்மை போட்டு இப்போது தேவலை.

அந்தச் சொல் உங்களை நோகடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குள் பேசிப் பேசி அது எனக்குப் பழகிப்போன சொல். உங்கள் காதில் அது எப்படி விழும் என்று நினைக்காமல் விட்டது என் பிழை.

ஆனால் வசனம் இல்லாமல் பேசு என்றால் எனக்குப் பேச்சு வரவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். குடியை விட்ட நாளிலிருந்து வசனம்தான் எனக்கு ஊன்றுகோல். கடையை மூடி வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு டாஸ்மாக் இருக்கிறது. அதைத் தாண்டுகிற வரைக்கும் வாய்க்குள் வசனம் சொல்லிக்கொண்டேதான் நடப்பேன். ஒன்பது வருடமாக அப்படித்தான் தாண்டுகிறேன். அதைத் தூர வைத்துவிட்டு வா என்றால் எப்படி?

கல்யாண விஷயத்தில் என் முடிவு அதேதான். தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

தம்பி முருகன்


தி. நகர்,
14.5.2024

சுடலைமாடன் துணை.

அன்புத் தம்பிக்கு, பியூலாவுக்கு இளநீர் வாங்கிக் கொடு, காரம் சேர்க்காதே. இங்கே சுகம். முட்டிக்கு ஊசி போட்டேன்.

நீ குடியை விட்டது எந்தச் சாமியால் என்று நான் என்றைக்காவது சண்டை போட்டிருக்கிறேனா? விட்டாயே, அது போதும் எனக்கு.

இங்கே நிலவரம் இது. மாமன் வராவிட்டால் அத்தானின் சித்தப்பா மகனை நிறுத்திக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்கள். சாரு ஒத்துக்கொள்ளவில்லை. "முருகன் மாமா வரலன்னா நான் தனியா நடந்து வந்துக்கிடுதேன். வேற யாரும் என் கையப் பிடிக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு பெண் தனியாக மணவறைக்கு நடந்து வந்தால் மண்டபமே எழுந்து நின்று பார்க்கும். என்னால் அதைத் தாங்க முடியாது.

சரி, வேறு வழியில்லை என்று நீ வருடங்களுக்கு முன் எனக்குக் கொடுத்த வேதத்தை எடுத்தேன். மிக்சி வாரண்டி அட்டைகளுக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடந்தது. நீ சொன்ன பத்தாம் அதிகாரத்தைக் கண்டுபிடித்து, இருபத்தொன்றோடு நிறுத்தாமல் கீழேயும் படித்தேன். இருபத்தேழாம் வசனத்தில் என்ன இருக்கிறது? நம்பாதவர் ஒருவர் விருந்துக்கு அழைத்து, உனக்கும் போக மனசிருந்தால் போ, வைத்ததைச் சாப்பிடு, கேள்வி கேட்காதே என்று இருக்கிறதா இல்லையா? ஆறு வசனம் தள்ளி இருப்பது உன் கண்ணில் படவில்லையா?

பதில் போடு.

அக்கா


பெசன்ட் நகர்,
25.5.2024

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீங்கள் வேதத்தைத் திறந்ததற்காக இரண்டு தடவை ஸ்தோத்திரம்.

அன்புள்ள அக்காவுக்கு, பியூலா எழுந்து நடமாடுகிறாள். நீங்கள் சொன்னபடி இளநீர் கொடுத்தேன்.

இருபத்தேழில் நின்றுவிட்டீர்கள். இருபத்தெட்டையும் படியுங்கள். இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிடாதே என்று வருகிறது. மேலும் அங்கே பேச்சு சாப்பாட்டைப் பற்றி. ஹோமத்தைப் பற்றி இல்லை. ஒரு வசனத்தை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுத்து அர்த்தம் சொல்லக் கூடாது அக்கா. முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

சாருவிடம் மாமா கோபிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

தம்பி முருகன்


தி. நகர்,
1.6.2024

சுடலைமாடன் துணை.

தம்பிக்கு, எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. சண்டைக்கு நல்ல தெம்போடு இருக்கிறாய்.

ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கக் கூடாதாம். அதை எனக்கு நீ சொல்கிறாய். வாட்ஸ்அப்பில் நீ பிடுங்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு சாக்கு வரும்!

சரி, இருபத்தெட்டையும் படித்தேன். உன் கட்சியே சரி என்று வைத்துக்கொள். மண்டபத்துச் சாப்பாடு எதையும் யாரும் படைக்கப் போவதில்லை, சமையல்காரர் வடபழனியிலிருந்து வருகிறார், அவருக்கு நேரமும் கிடையாது. ஹோமம்தான் தடை என்றால், நீ ஹோமத்துக்கு முன் உட்கார வேண்டாம். வாசலில் நின்று சந்தனம் கொடு. பின்வரிசையில் உட்கார். அதற்கு உன் வேதத்தில் தடை எங்கே இருக்கிறது? நீ மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதினாயே, அது எந்த வசனம்?

எனக்குத் தெரியும் முருகா. அது வசனமே இல்லை. வேறென்னவோ இருக்கிறது. அதைச் சொல். எங்களைப் பார்க்கவே உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையாவது சொல். நான் அழுது முடித்து வேலையைப் பார்ப்பேன்.

அக்கா


பெசன்ட் நகர்,
9.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஹோமம் எனக்குத் தடைதான். அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று சொன்னது அதனால் இல்லை. பயம்.

போன வருடம் நங்கநல்லூரில் சித்தப்பா பேத்தி கல்யாணத்துக்கு வந்தேன் அல்லவா? பாதியில் காணோம் என்று கேட்டீர்கள், தலைவலி என்றேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் என் பழைய குடிக் கூட்டாளி கபாலியும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். "இன்னா முருகா, ஆளே காணோம்? வா நைனா, ஒரு வாய்" என்று கபாலி பேப்பர் கப்பை நீட்டினான். நான் வாங்கவில்லை அக்கா. கை வாங்கியது. மூக்கு வரைக்கும் கொண்டுபோனது. வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பியூலா தேடிக்கொண்டு வந்தாள், கப்பைத் தட்டிவிட்டாள், ஆட்டோ பிடித்தோம். அன்றிலிருந்து நான் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, எங்கள் சபைக் கல்யாணம் தவிர.

உங்கள் கல்யாணத்துக்கும் கபாலி வருவான். உங்கள் கடைச் சரக்கை ஏற்றி இறக்குகிறவன், கூப்பிடாமல் இருக்க முடியாது. சாரு கையைப் பிடித்து வருகிற கை அன்றைக்குச் சாயந்திரம் எதைப் பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேதம் தடுக்கிறது என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

முருகன்


தி. நகர்,
12.7.2024

லே முருகா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்துவிட்டு, பாத்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அத்தான் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் அழுகிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இத்தனை வருடமும் நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? நீ எங்களைத் தீண்டத்தகாதவர்கள் மாதிரி பார்க்கிறாய் என்று. எங்கள் வீட்டுக் காப்பியைக்கூட முகம் சுளித்துக் குடிக்கிறாய் என்று. பயமா? இவ்வளவுதானா? இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? பயத்துக்கு நான் மருந்து வைத்திருப்பேனே.

இப்போது கேள். நீ நேராக முகூர்த்த நேரத்துக்கு வா. மயிலாப்பூர் ஐயரிடம் பேசிவிட்டேன். "மாமா பொண்ணு கையைப் பிடிச்சுண்டு மணவறைப் படி வரைக்கும் வந்தாப் போறும். மேல ஏறணும்னு ஒண்ணும் கட்டாயமில்லை" என்றார். ஹோமம் பக்கம் நீ போக வேண்டாம். உன் வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நட, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சத்தமாகவே சொன்னாலும் நாதஸ்வரத்தில் கேட்காது.

கபாலியை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே, எனக்கே இன்னும் தெரியாது.

பத்திரிகையில் தாய்மாமன் என்று உன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். வருவாய்தானே? வருகிறேன் என்று மட்டும் எழுது.

அக்கா


பெசன்ட் நகர்,
6.9.2024

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அன்புள்ள அக்காவுக்கு, கல்யாணக் களைப்பு தீர்ந்ததா? முட்டி எப்படி இருக்கிறது? அன்றைக்கு ஓடினீர்களே, வீங்கியிருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் நேற்று விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை மீன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குப்பத்திலிருந்து அப்போதுதான் வாங்கிய வஞ்சிரம்.

சாருவின் கை ஜில்லென்று இருந்தது. "மாமா, மெதுவா நடங்க, புடவை தடுக்குது" என்றாள். நான்தான் பயந்து வேகமாக நடந்திருக்கிறேன். படியில் அவளை விட்டுவிட்டுக் கீழே நின்றேன். மேலே ஐயர் அவருடையதைச் சொன்னார், கீழே நான் என்னுடையதைச் சொன்னேன். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என் மனசில் இன்னும் ஓயவில்லை. பியூலாவின் பையை எடுக்க ஸ்கூட்டருக்குப் போனேன். கபாலி கையில் கப்போடு அங்கே நிற்கிறான். "இன்னா நைனா, அக்கா பொண்ணு கல்யாணம், தாய்மாமன் கை காலியா கீதே" என்று தோளில் கை போட்டான். அப்போது பின்னாலிருந்து உங்கள் குரல். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடிவந்து கபாலியை நோக்கி விரல் நீட்டி, "உன் சகோதரி வாசலில் நிற்கையில் உன் கையிலிருக்கிற பாத்திரத்தைக் கீழே வைப்பாயாக, அப்பொழுது உன் வீடு சமாதானமாயிருக்கும்!" என்றீர்களே. கபாலி அரண்டுபோய் "இன்னாக்கா, நீயும் மதம் மாறிட்டியா?" என்று கேட்டுக் கப்பைக் கீழே வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பயம் போய்விட்டது அக்கா. நானே பந்திக்கு நடந்து போய் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

அந்த வசனம் எங்கே வருகிறது? எந்தச் சொல் எந்த இடத்தில் வரும் என்று சொல்கிற தடித்த புத்தகத்தில் பார்த்தேன், போனிலும் தேடினேன். கிடைக்கவில்லை. அதிகாரம் சொல்லுங்கள்.

தம்பி முருகன்


தி. நகர்,
13.9.2024

சுடலைமாடன் துணை.

அன்புத் தம்பிக்கு, முட்டி வீங்கித்தான் இருக்கிறது. ஒத்தடம் கொடுக்கிறேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. சாரு தினமும் போன் பண்ணுகிறாள், பண்ணியும் எனக்குப் போதவில்லை.

வசனத்தைத் தேடாதே. அது எங்கும் இல்லை. நான் சொன்னது. உன்னோடு சண்டை போடுவதற்காகப் பத்தாம் அதிகாரத்தை ஆரம்பித்தவள், ராத்திரி தூக்கம் வராமல் முன்னும் பின்னுமாக நிறையப் படித்துவிட்டேன். அந்த நடை வாயில் ஒட்டிக்கொண்டது. உன்னை அந்த இடத்தில் பார்த்ததும் கோபத்தில் தானாக வந்துவிட்டது. கபாலிக்கு வேதம் தெரியாது என்ற தைரியம்தான்.

இது தப்பா? உன் கர்த்தர் கோபித்துக்கொள்வாரா? கேட்டுச் சொல். எனக்கு இரண்டு நாளாக அதுவே உறுத்துகிறது.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கேட்கிறவனுக்கு ஒன்றுமே புரியாவிட்டாலும், அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லும்போது சொல்கிறவளுக்குத் துணிச்சல் வருகிறது. நீ எங்களிடம் ஏன் ஓயாமல் சொன்னாய் என்று அன்றைக்கு விளங்கியது. ஆனாலும் விடியற்காலையில் அனுப்பாதே. அத்தான் உன்னைக் குழுவில் திரும்பச் சேர்த்துவிட்டார். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அவர் காப்பி குடித்த பிறகு. இது அவர் போட்ட சட்டம்.

அக்கா


பெசன்ட் நகர்,
23.9.2024

கர்த்தருடைய கிருபை உங்கள் முட்டியோடும் இருப்பதாக.

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்கு மட்டும் சளி. அத்தானின் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை பியூலாவோடு அங்கே வருகிறேன், நேரிலேயே பேசலாம். காப்பி போட்டு வையுங்கள். முகம் சுளிக்காமல் குடிப்பேன். நீங்கள் போடும் காப்பியில் சர்க்கரை அதிகம், அதனால்தான் அன்றைக்கெல்லாம் சுளித்தேன். வேறு ஒன்றுமில்லை.

நீங்கள் சொன்னது தப்பில்லை. டாஸ்மாக்கைத் தாண்டும்போது பழைய வசனங்களோடு இப்போது அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
முருகன்

பி.கு.: நேற்று ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லி, அந்த வசனத்தையும் சொல்லிவிட்டேன். சபை முழுக்க ஆமென் சொன்னார்கள். முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரதர், நல்ல வசனம், ஆனா எனக்கு ஞாபகமே வரலையே, அது எங்க வருது?" என்று கேட்டார்.

"தி. நகர்ல, பாஸ்டர்" என்றேன்.